மூச்சு வைத்த கெடு
காந்தம் கண்ட உடல் – அத்தியாயம் 9

சென்ற அத்தியாயத்தை மூளையோடு நிறுத்தியிருந்தோம். 1980களின் தொடக்கத்தில் எம்.ஆர்.ஐ. படங்களைப் பார்த்த நரம்பியல் மருத்துவர்கள் சொக்கிப்போனதில் வியப்பில்லை. மண்டையோட்டுக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கும் மூளை, எட்டு நிமிடம் ஆனாலும் ஆடாமல் அசையாமல் படத்துக்கு முகம் கொடுக்கும். அதே கருவியில் அதே ஆளின் வயிற்றைப் படம் எடுத்தவர்களோ தலையில் கைவைத்துக்கொண்டார்கள். கல்லீரல் எங்கே முடிகிறது, குடல் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. வயிற்றின் முன்சுவர் ஒன்றுக்கு நாலாகி, வரிசை வரிசையாகக் கல்லீரலின் மேலே நிழலாக விழுந்திருந்தது. அந்த நிழல்களை ரேடியாலஜிஸ்ட்டுகள் இன்றும் பேய் என்றுதான் சொல்கிறார்கள்.

பேயை ஏவியது மூச்சு. நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது தடவை மூச்சு விடுகிறோம். சாதாரண மூச்சிலேயே உதரவிதானம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இறங்கி ஏறும். கல்லீரல், மண்ணீரல், கணையம், சிறுநீரகம் எல்லாம் அதோடு சேர்ந்து போய் வரும். போதாக்குறைக்குக் குடல் தன் பாட்டுக்கு நெளியும். முதுகெலும்பை ஒட்டிப் பெருந்தமனி துடித்துக்கொண்டிருக்கும்.

எக்ஸ்ரே எடுப்பவர் 'மூச்சைப் பிடிங்க' என்று சொல்லி ஒரு பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்தது. எம்.ஆர்.ஐ.க்கு அந்தச் சௌகரியம் கிடையாது. உடலின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களை ரேடியோ அலையால் உசுப்பிவிட்டு, அவை திருப்பி அனுப்பும் மெல்லிய சமிக்ஞையை அது ஒரு வரியாகப் பதிவு செய்யும். அணுக்கருக்கள் பழைய நிலைக்கு மீளும்வரை காத்திருந்து, மறுபடி உசுப்பி, அடுத்த வரியைப் பதிவு செய்யும். இப்படி 256 வரி சேர்ந்த பிறகுதான் கணக்குப் போட்டு ஒரு படத்தை வடிக்க முடியும். வரிக்கு 2 வினாடி என்று வைத்தால் 512 வினாடி, அதாவது எட்டரை நிமிடம். அதற்குள் நூறு மூச்சுக்கு மேல் போய்விடும். ஒவ்வொரு வரி பதிவாகும்போதும் கல்லீரல் ஒவ்வோர் இடத்தில் இருக்கும்; கணக்குப் போடும் கணினிக்கு அது தெரியாது.

உடம்புக்கு முடியாத ஒருவரால் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்க முடிகிற நேரம் சுமார் இருபது வினாடி. வயிற்று எம்.ஆர்.ஐ.யின் நாற்பது வருட வரலாறு என்பது இந்த இருபது வினாடிக்குள் நுழையப் பட்ட பாடுதான் என்பது என் கட்சி. வேகம் வேகம் என்று பொறியாளர்கள் பேசுவார்கள். வயிற்றைப் பொறுத்தவரை அந்த வேகத்துக்குக் கெடு வைத்தது நுரையீரல்.

வயிறு முதன்முதலில் காந்தத்துக்குள் போன கதை நாட்டிங்ஹாமில் நடந்தது. அங்கே பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆசிரியராக இருந்த பீட்டர் மான்ஸ்ஃபீல்ட், பதினைந்து வயதில் பள்ளியை விட்டு அச்சுத் தொழிலில் வேலைக்குப் போனவர். இரவு வகுப்பில் படித்து மேலே வந்தவர். 1978இல் அவருடைய குழு முழு உடலும் நுழையக்கூடிய ஒரு கருவியைக் கட்டி முடித்தது. மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் இதயத்தைப் பாதிக்கலாம் என்று வெளியிலிருந்து எச்சரிக்கை வந்திருந்தது. வேறு யாரையும் உள்ளே அனுப்ப மனமில்லாமல் மான்ஸ்ஃபீல்ட் தானே போய் நின்றார். வரி வரியாக நிமிடக்கணக்கில் ஓடிய அந்த ஸ்கேனில் கிடைத்தது அவருடைய வயிற்றின் குறுக்குவெட்டு. இன்றைய கண்ணுக்கு அது புள்ளிக் கோலம் கலைந்ததுபோல் இருக்கும். ஆனாலும் உயிருள்ள மனிதனின் வயிறு அது. கத்தியும் படவில்லை, எக்ஸ்ரேயும் படவில்லை.

அதற்கு முந்தைய வருடமே, 1977இல், அவர் இன்னொரு யோசனையை எழுதி வெளியிட்டிருந்தார். ஒரே ஒரு தடவை உசுப்பிவிட்டு, அணுக்கருக்கள் அடங்குவதற்குள் காந்தப்புலத்தின் சரிவை முன்னும் பின்னுமாகப் படுவேகமாக மாற்றி எதிரொலி மேல் எதிரொலியாக எல்லா வரிகளையும் அள்ளிவிடலாம் என்பது அதன் சாரம். எக்கோ பிளேனார் என்று பெயர். காகிதத்தில் இது வினாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் ஒரு படம். மூச்சாவது ஒன்றாவது, இதயத் துடிப்பே உறைந்து நிற்கும். அவ்வளவு வேகமாகச் சரிவை மாற்றக்கூடிய மின்சாதனம்தான் உலகத்தில் இல்லை. கணக்கு சரியாக இருந்தும் கருவி வராத காரணத்தால் எக்கோ பிளேனார் சுமார் பதினைந்து வருடம் நாட்டிங்ஹாமையும் ஒருசில ஆய்வகங்களையும் தாண்டவில்லை. அதனிடம் பிறகு வருவோம்.

ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஜான் மல்லார்டின் குழு வேறு திசையில் போனது. இங்கே சற்று நிதானிக்க வேண்டும், ஏனென்றால் அங்கே கைவிடப்பட்ட ஒரு முறை இந்தக் கதையின் பிற்பகுதியில் திரும்பி வரப்போகிறது. 1973இல் நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக்கில் பால் லாட்டர்பர், கனநீருக்குள் வைத்த இரண்டு மெல்லிய நீர்க்குழாய்களைப் படமாக்கினார் என்று தொடக்க அத்தியாயங்களில் பார்த்தோம். 'நேச்சர்' இதழ் முதலில் திருப்பி அனுப்பிய கட்டுரை அது. அவர் படம் எடுத்த விதம், பல கோணங்களிலிருந்து பக்கவாட்டு நிழல்களை எடுத்து ஒன்றுசேர்ப்பது. சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல வரிகள் எல்லாம் நடுமையத்தின் வழியே போகும். 1974இல் அமெரிக்காவின் ராலே நகரில் லாட்டர்பர் பேசக் கேட்ட சுவிட்சர்லாந்து வேதியியலாளர் ரிச்சர்ட் எர்ன்ஸ்ட், இதைவிட நேர்த்தியாக ஃபூரியர் கணிதத்தால் செய்யலாமே என்று யோசித்தார். 1975இல் அனில் குமார், டீட்டர் வெல்ட்டி, எர்ன்ஸ்ட் மூவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை அதை நிறுவியது. அந்த அனில் குமார் பின்னாளில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். எம்.ஆர்.ஐ. வரலாற்றைப் பேசும்போது நம் நாட்டில்கூட அவர் பெயர் அதிகம் அடிபடுவதில்லை என்பது எனக்கு உறுத்தல்.

அபர்டீனில் ஜிம் ஹட்சிசன், பில் எடல்ஸ்டைன் முதலானோர் அந்தக் கணிதத்தை நடைமுறைக்கு வளைத்து 1980இல் 'ஸ்பின் வார்ப்' என்ற முறையை உருவாக்கினார்கள். ஆரக்கால்கள் போய், கட்டம் போட்ட நோட்டில் எழுதுவதுபோல ஒன்றன்கீழ் ஒன்றாக இணைகோடுகள் வந்தன. 1980 ஆகஸ்ட் 28ஆம் தேதி, ஃப்ரேசர்பரோ ஊரைச் சேர்ந்த புற்றுநோயாளி ஒருவர் அந்தக் கருவிக்குள் படுத்தார். நெஞ்சில் மூலக்கட்டி தெரிந்தது; கல்லீரலில் கோளாறு தெரிந்தது; எலும்புக்குப் பரவியிருந்ததும் தெரிந்தது. நோயாளிக்கு மருத்துவப் பயன் உள்ள முதல் எம்.ஆர்.ஐ. என்று இதைத்தான் பலரும் எண்ணுகிறார்கள். அந்தக் காந்தத்தின் வலிமை வெறும் 0.04 டெஸ்லா. இன்று நம் ஊர் ஸ்கேன் சென்டர்களில் சாதாரணமாக இருக்கும் 1.5 டெஸ்லா கருவி அதைப்போல் 37 மடங்கு.

ஸ்பின் வார்ப் உலகம் முழுவதும் நிலைபெற்றது. ஆனால் இணைகோடுகளுக்கே உரிய கோளாறுதான் நாம் மேலே பார்த்த பேய். மூச்சு சீராக ஏறி இறங்குவதால் நிழலும் சீரான இடைவெளியில் விழும். மருத்துவமனைகள் கைக்கு வந்ததைச் செய்து பார்த்தன. நோயாளியின் வயிற்றின் குறுக்கே பட்டை போட்டு இறுக்கினார்கள். குடல் நெளியாமலிருக்க ஊசி போட்டார்கள். இது இன்றும் உண்டு. ஒரே படத்தை நாலு தடவை எடுத்துச் சராசரி பார்த்தார்கள். அப்படியானால் ஸ்கேன் அரைமணி நேரத்தைத் தாண்டும். 1985இல் லண்டனில் பெய்ல்ஸும் கூட்டாளிகளும் புத்திசாலித்தனமான ஒரு வழி கண்டார்கள். மார்பில் கட்டிய உணரி மூச்சின் நிலையைச் சொல்லச் சொல்ல, எந்த வரியை எப்போது பதிவு செய்வது என்று கருவி வரிசையை மாற்றிக்கொள்ளும். பேய் மங்கியது, போகவில்லை. மூச்சோடு சமரசம் செய்யப் பார்த்த காலம் அது. சமரசத்தில் வயிறு எப்போதும் தோற்றது.

திருப்பம் ஜெர்மனியிலிருந்து வந்தது, அதுவும் ஒரே சமயத்தில் இரண்டு ஊர்களிலிருந்து.

கோட்டிங்கன் நகரின் மாக்ஸ் பிளாங்க் உயிர் இயற்பியல் வேதியியல் நிறுவனத்தில் யென்ஸ் ஃப்ராம், ஆக்ஸல் ஹாஸே, டீட்டர் மத்தாய், வொல்ஃப்காங் ஹெனிக்கே, கிளாஸ்-டீட்மார் மெர்போல்ட் என்ற ஐவர் 1985இல் கேட்ட கேள்வி எளிமையானது: எதற்காக இவ்வளவு நேரம் காத்திருக்கிறோம்? அதுவரை ஒவ்வொரு தடவையும் அணுக்கருக்களின் காந்தத்தை முழுசாகச் செங்கோணத்துக்குச் சாய்த்தார்கள். குதிரில் இருந்த நெல்லை ஒரே நாளில் காலி செய்துவிட்டு, அடுத்த அறுப்புவரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த கதை அது. இவர்கள் மரக்கால் கணக்கில் அளந்து எடுத்தார்கள். 15 பாகை மட்டும் சாய்த்தால் கிடைக்கும் சமிக்ஞை முழுசில் கால்பங்கு. ஆனால் இருப்பில் குறைவது மூன்றரை சதவீதம்கூட இல்லை. எனவே காத்திருக்க வேண்டியதே இல்லை. நூறில் ஒரு வினாடியில் அடுத்த வரியை எடுக்கலாம். 256 வரிக்கு இரண்டரை வினாடி. எட்டரை நிமிடம் எங்கே, இரண்டரை வினாடி எங்கே!

இந்த முறைக்கு 'ஃப்ளாஷ்' என்று பெயரிட்டார்கள். சிறு சாய்வு அணுக்காந்த ஆய்வாளர்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். தெரிந்ததைப் படத்துக்குக் கொண்டுவந்ததில் இருக்கிறது திறமை. கட்டுரை 1986இல் வந்தது. அதற்கு முன்பே, 1985 பிப்ரவரியில், காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார்கள். பேராசிரியர்கள் இப்படி முந்திக்கொள்வது அபூர்வம். பெரிய கருவி நிறுவனங்கள் முறையை எடுத்துக்கொண்டன, பணம் கொடுப்பதில் தயங்கின. வழக்கு பல வருடம் இழுத்து, 1990களில்தான் முடிவுக்கு வந்தது. மாக்ஸ் பிளாங்க் கழகத்துக்கு அந்தக் காப்புரிமையால் வந்த வருமானம் சுமார் 15 கோடி யூரோ. அதன் வரலாற்றிலேயே அதிகம் சம்பாதித்துக் கொடுத்த காப்புரிமைகளில் அது முன்வரிசை. ஃப்ராம் அதில் ஒரு பகுதியைக் கொண்டு தன் ஆய்வை நடத்தும் தனி அமைப்பு ஒன்றையே 1993இல் தொடங்கினார். ஐரோப்பியக் கண்டுபிடிப்பாளர் விருது 2018இல் அவருக்கு வந்தது.

வயிற்றுக்கு இதன் பொருள் என்ன? ஒரு மூச்சுப் பிடிக்குள் கல்லீரல் முழுவதையும் பல வெட்டுகளாக எடுத்துவிடலாம். கெடுவுக்குள் முதன்முதலாக நுழைந்தாகிவிட்டது. கூடவே கடோலினியம் கலந்த கான்ட்ராஸ்ட் மருந்தும் வந்தது. பெர்லினின் ஷெரிங் நிறுவனம் உருவாக்கிய மேக்னவிஸ்ட் 1988இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கல்லீரல் விசித்திரமான உறுப்பு. அதற்கு வரும் ரத்தத்தில் முக்கால்வாசி குடலிலிருந்து சிரை வழியாக வருகிறது. கால்வாசிதான் தமனி வழியாக. கல்லீரல் புற்றுக்கட்டியோ பெரும்பாலும் தமனி ரத்தத்தையே குடித்து வளர்கிறது. ஆகவே கையில் மருந்தை ஏற்றியதும் தமனிக்கு அது வந்து சேரும் அந்தச் சில வினாடிகளில் கட்டி பளிச்சென்று மின்னும். நிமிடம் ஆவதற்குள் சுற்றியுள்ள கல்லீரலும் வெளுத்துவிடும், பிறகு கட்டி மங்கும். அந்தச் சில வினாடிகளைப் பிடித்தால் நோய் பிடிபடும். எட்டரை நிமிட ஸ்கேனால் இதைக் கனவிலும் பார்த்திருக்க முடியாது. 1999இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் நீல் ராஃப்ஸ்கி குழு, தனித்தனி வெட்டுகளை விட்டுவிட்டு முழு வயிற்றையும் ஒரே முப்பரிமாணக் கட்டியாக ஒரு மூச்சில் எடுக்கும் 'வைப்' முறையை வெளியிட்டது. இன்று கல்லீரல் எம்.ஆர்.ஐ. எடுக்கும் இடமெல்லாம் அது அல்லது அதன் சகோதர முறை ஓடுகிறது.

இன்னோர் ஊர் ஃபிரைபர்க். அங்கே யூர்கன் ஹென்னிக், உசுப்பிய பிறகு ஒரே எதிரொலியோடு விடாமல், ரேடியோ அலையால் திரும்பத் திரும்ப எதிரொலிகளை வரவழைத்து ஒவ்வொன்றையும் ஒரு வரியாக்கினார். 1984இல் ஒரு ஜெர்மன் மருத்துவ இதழில் சிறு கட்டுரையாக வந்தது. ஆங்கிலத்தில் விரிவாக வர 1986 ஆனது. 'ரேர்' என்று பெயர் வைத்தார். எதிரொலிகள் நீண்டுகொண்டே போகும்போது திசுக்களின் சமிக்ஞை அடங்கிவிடும். தேங்கி நிற்கும் திரவம் மட்டும் அடங்காமல் ஒளிரும். வயிற்றில் தேங்கி நிற்கும் திரவம் பித்தம், கணையநீர், சிறுநீர். 1991இல் ஜெர்மானிய மருத்துவர்கள் வால்னரும் உடன் பணியாற்றியவர்களும் அடைபட்டு விரிந்த பித்தநாளங்களை எம்.ஆர்.ஐ.யிலேயே காட்டினார்கள். அதுவரை பித்தநாளத்தைத் தெளிவாகப் பார்க்க வேண்டுமானால் வாய் வழியாக எண்டோஸ்கோப்பை இறக்கி, நாளத்தின் வாயில் மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுக்க வேண்டும். சிலருக்கு அதனாலேயே கணையம் வீங்கி, படுத்த படுக்கையாகிவிடும். இப்போது கல் இருக்கிறதா என்று பார்க்க மட்டும் யாரும் குழாயை விழுங்க வேண்டாம். எம்.ஆர்.சி.பி. என்று டாக்டர் எழுதிக் கொடுக்கும் ஸ்கேன் இதுதான். 1990களின் நடுவில் இதே முறையில் ஒரு வெட்டுக்கு ஒரு வினாடி போதும் என்ற நிலை வந்தது. மூச்சே பிடிக்கத் தெரியாத நோயாளிக்கும் ஓரளவு படம் எடுக்க முடிந்தது அதனால்தான். வயிற்று எம்.ஆர்.ஐ.யில் அன்றாட நோயாளிக்கு அதிக நன்மை செய்தது எது என்று என்னைக் கேட்டால் ஃப்ளாஷுக்கு முன்னால் இதைச் சொல்வேன்.

இதற்கிடையில் பாரிஸில் ஓர் இளம் மருத்துவர் கல்லீரலிடம் தோற்றுக்கொண்டிருந்தார். டெனி லெ பிஹான், இயற்பியலும் படித்தவர். கல்லீரலில் தெரியும் ஒரு பொட்டு புற்றுக்கட்டியா, தீங்கில்லாத ரத்தக்குழாய்க் கட்டியா என்று பிரித்துச் சொல்வது அன்று பெரும் தலைவலி. நீர் மூலக்கூறுகள் திசுவுக்குள் எவ்வளவு தாராளமாக உலவுகின்றன என்பதை அளந்தால் இரண்டையும் பிரிக்கலாம் என்று 1984 வாக்கில் அவர் யோசித்தார். நெருக்கியடித்த புற்றுத் திசுவில் உலாவல் குறைய வேண்டும். யோசனை சரி. ஆனால் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கணக்கில் நகரும் மூலக்கூறை அளக்கப்போனவர் எதிரே, சென்டிமீட்டர் கணக்கில் நகரும் கல்லீரல் இருந்தது. முடிவுகள் படுமோசம். அவர் மனம் தளராமல் அதே முறையை மூளைக்குக் கொண்டுபோனார். 1986இல் வெளிவந்த அந்த வேலை பின்னாளில் பக்கவாத சிகிச்சையையே மாற்றியது. கல்லீரலுக்காகப் பிறந்தது மூளையில் போய் வாழ்ந்தது.

அதை வீட்டுக்கு அழைத்து வந்தது மான்ஸ்ஃபீல்டின் எக்கோ பிளேனார். 1990களில் சரிவுக் காந்தச் சுருள்களும் அவற்றை இயக்கும் மின்பெருக்கிகளும் கணக்குக்கு ஈடுகொடுக்கும் அளவுக்கு வளர்ந்தன. ஒரு படம் கண் சிமிட்டும் நேரத்துக்குள் முடிந்துவிட்டதால் மூச்சு குறுக்கே வரவில்லை. நாட்டிங்ஹாம்காரர்கள் இரைப்பையின் அசைவையே படமாகத் தொடர்ந்து பார்த்தார்கள். 1994 வாக்கில் வயிற்று உறுப்புகளின் நீர் உலாவலை அளந்த படங்கள் வரத் தொடங்கின. இன்று கல்லீரலுக்குப் புற்று பரவியிருக்கிறதா என்று தேடும்போது ரேடியாலஜிஸ்ட் முதலில் புரட்டுவது பெரும்பாலும் அந்தப் படத்தைத்தான். மான்ஸ்ஃபீல்டுக்கும் லாட்டர்பருக்கும் 2003இல் நோபல் பரிசு வந்தது. வேகத்துக்கு ஒரு எல்லையும் தெரிந்தது: சரிவை மேலும் வேகமாக மாற்றினால் நோயாளியின் நரம்புகள் தூண்டப்பட்டுத் தசை வெடுக்கென்று துடிக்கும். கருவியால் முடியும், உடம்பு இடம் கொடுக்காது.

ஆகவே அடுத்த தலைமுறை கேள்வியை மாற்றிக் கேட்டது. வரிகளை வேகமாக எடுக்க முடியாவிட்டால், குறைவாக எடுத்தால் என்ன?

முதல் விடை, சமிக்ஞையைப் பிடிக்க வயிற்றின் மேல் வைக்கும் காயிலில் இருந்தது. 1990இல் அமெரிக்காவின் ஸ்கெனெக்டடியில் ரோமரும் கூட்டாளிகளும் ஒரே பெரிய காயிலுக்குப் பதில் பல சிறு காயில்களை ஒன்றையொன்று லேசாக மேவும்படி அடுக்கினார்கள். கூட்டாளிகளில் ஒருவர் அபர்டீனிலிருந்து போன அதே பில் எடல்ஸ்டைன். சமிக்ஞை பலமாகக் கிடைக்கும் என்பதுதான் அவர்கள் நோக்கம். 1997இல் பாஸ்டனில் டேனியல் சோடிக்சன் வேறொன்றைக் கண்டார்: ஒவ்வொரு காயிலும் தனக்கு அருகில் உள்ள பகுதியையே உரக்கக் கேட்கிறது, அந்த வித்தியாசமே எது எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிறதே, பிறகு எல்லா வரியும் எதற்கு? 1999இல் சூரிச்சில் கிளாஸ் புரூஸ்மன் குழு இதை 'சென்ஸ்' என்ற பொதுவான கணிதமாக்கியது. 2002இல் வூர்ட்ஸ்பர்கிலிருந்து மார்க் கிரிஸ்வோல்ட் குழுவின் 'கிராப்பா' வந்தது. இருபது வினாடி பத்தாகியது. சும்மா வரவில்லை: பாதி வரியோடு நிறுத்தினால் படத்தின் தெளிவில் முப்பது சதவீதம் போய்விடும். ஆனால் பத்து வினாடி மூச்சை எண்பது வயதுப் பெரியவராலும் பிடிக்க முடியும்.

குழந்தைகளால் அதுவும் முடியாது. ஸ்டான்ஃபோர்டின் குழந்தைகள் மருத்துவமனையில் ஷ்ரேயஸ் வாசனவாலா என்ற ரேடியாலஜிஸ்ட் தினமும் மல்லுக்கு நின்றது இதோடுதான். கல்லீரல் மாற்று அறுவை செய்துகொண்ட இரண்டு வயதுக் குழந்தைக்குப் பித்தநாளம் எங்கே அடைபட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால், ஆழ்ந்த மயக்கம் கொடுத்து மூச்சையே நிறுத்தி வைக்க வேண்டும். வழக்கமான முறையில் இரண்டு நிமிடம். மயக்க மருத்துவரின் வயிற்றைக் கலக்கும் நேரம் அது.

அவருக்குக் கைகொடுத்தது கணிதம். கலிஃபோர்னியாவில் எமானுவேல் கான்டெஸ், எம்.ஆர்.ஐ. சோதனைக்கான ஒரு மாதிரிப் படத்தில் மிகச் சில வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு விளையாடியபோது, முழுப் படமும் அப்பழுக்கில்லாமல் திரும்பி வந்தது. அவராலேயே நம்ப முடியவில்லை. டெரன்ஸ் டாவோவிடம் கொண்டுபோனார். அவர்களும் டேவிட் டோனோஹோவும் 2006 வாக்கில் நிறுவியது இது: விஷயம் குறைவாக உள்ள படத்தை, ஒழுங்கில்லாமல் சிதறி எடுத்த குறைவான அளவுகளிலிருந்தே மீட்கலாம். ஒழுங்காக விட்டுவிட்டால் பேய் வரும். தாறுமாறாக விட்டால் வெறும் இரைச்சல்தான் வரும், இரைச்சலைக் கழிக்கக் கணிதம் உண்டு. 2007இல் மைக்கேல் லுஸ்டிக், டோனோஹோ, ஜான் பாலி ஆகியோர் அதை எம்.ஆர்.ஐ.க்குக் கொண்டுவந்தார்கள். லுஸ்டிக்கும் வாசனவாலாவும் கைகோத்தார்கள். இரண்டு நிமிடம் நாற்பது வினாடியானது. குழந்தையின் பித்தநாள அடைப்பு படத்தில் தெரிந்தது. 2010இல் முடிவுகள் வெளிவந்தன. 2017இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த முறையோடு விற்கும் கருவிகளுக்கு அனுமதி கொடுத்தது.

இனி ஆரக்கால்கள் திரும்பி வரும் இடம். இணைகோட்டு முறையில் ஒவ்வொரு வரியும் படத்தின் வெவ்வேறு தகவலைச் சுமக்கிறது. ஆரக்கால் முறையில் ஒவ்வொரு வரியும் நடுமையத்தைத் தொட்டுவிட்டுப் போகிறது. அசைவு ஏற்பட்டால் பேய் நிழல் விழாமல் லேசான கீற்றுகளாகச் சிதறிவிடும். 1992இல் ஸ்டான்ஃபோர்டின் கேரி குளோவரும் ஜான் பாலியும் இதைச் சுட்டிக்காட்டி, லாட்டர்பரின் பழைய வழிக்கு மறுவாழ்வு கொடுக்கச் சொன்னார்கள். கணினிகள் அதற்குத் தயாராக இன்னும் இருபது வருடம் பிடித்தது. 2014இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் லி ஃபெங், ரிக்கார்டோ ஒடாஸோ, ஹெர்ஷ் சந்தரானா, டோபியாஸ் பிளாக் முதலியோர் 'கிராஸ்ப்' முறையை வெளியிட்டார்கள். குழுவில் சோடிக்சனும் உண்டு. ஒவ்வொரு ஆரக்காலும் முந்தையதிலிருந்து 111.25 பாகை தள்ளி விழும். அந்தக் கோணத்துக்கு ஒரு குணம்: எங்கே வெட்டி எடுத்தாலும் கால்கள் ஏறத்தாழச் சீராகப் பரவியிருக்கும். நோயாளி இயல்பாக மூச்சு விட்டுக்கொண்டு கிடப்பார். கருவி நிமிடக்கணக்கில் சுழன்று சுழன்று பதிவு செய்யும். மருந்து தமனிக்கு வந்த கணம் எது என்பதைப் பிறகு உட்கார்ந்து தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

இதன் அருமை தெரிய ஒரு பின்னணி வேண்டும். கல்லீரல் செல்களே உறிஞ்சிக்கொள்ளும் ஒரு கான்ட்ராஸ்ட் மருந்து, ப்ரிமோவிஸ்ட், 2000களில் வந்தது. சிறு கட்டிகளைக் காட்டுவதில் கெட்டிக்கார மருந்து. ஆனால் அதை ஏற்றிய சில வினாடிகளில், சரியாகத் தமனிக் கட்டத்தில், சிலருக்கு மூச்சு தடுமாறுகிறது என்று 2013இல் மிச்சிகனைச் சேர்ந்த மேத்யூ டேவன்போர்ட் குழு காட்டியது. தானாகவே சரியாகிவிடும், ஆபத்தில்லை. ஆனால் எந்த இருபது வினாடிக்காக இத்தனை பேர் பாடுபட்டார்களோ அதே இருபது வினாடியில் மருந்தே மூச்சைக் கலைத்துவிடுகிறது. மூச்சைப் பிடிக்கவே சொல்லாத முறை தேவைப்பட்டது இதற்குத்தான்.

இப்போது ஓடுவது செயற்கை நுண்ணறிவின் காலம். 2018இல் நியூயார்க் பல்கலைக்கழகமும் ஃபேஸ்புக்கும் சேர்ந்து, குறைந்த வரிகளிலிருந்து படம் வடிக்கக் கணினியைப் பழக்கும் திட்டத்தை அறிவித்தன. முதலில் எடுத்துக்கொண்டது முழங்கால். ஆடாத உறுப்பாகப் பார்த்து ஆரம்பித்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. 2020இலிருந்து கருவி நிறுவனங்கள் விற்கும் மென்பொருளிலேயே இது சேர்ந்து வருகிறது. கல்லீரலுக்கும் வந்துவிட்டது, ஒரு மூச்சில் பழைய மூன்று மூச்சு வேலை நடக்கிறது. ஆனால் அதே 2020இல் வேகார்ட் அன்டுன், ஆண்டர்ஸ் ஹான்சன் முதலிய கணிதவியலாளர்கள் ஒரு எச்சரிக்கையும் வெளியிட்டார்கள்: இப்படிப் பழகிய கணினி, மூலத் தரவில் நேரும் மிகச் சிறு மாற்றத்துக்கும் தடம் புரளலாம், சிறு விவரங்களைத் தொலைக்கலாம், இல்லாததை வரையலாம். கான்டெஸின் முறை தோற்றால் அதற்கான நிபந்தனைகளைக் கணிதம் சொல்லிவைத்திருக்கிறது. பழகிய கணினி தோற்றால் படம் அழகாகவே இருக்கும், அதுதான் சிக்கல். ஐந்து மில்லிமீட்டர் கட்டி ஒன்று அழகாக வழித்தெடுக்கப்பட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. வயிற்றைப் பொறுத்தவரை, பழைய முறையில் எடுத்த ஒரு வரிசையாவது கூடவே இருக்கட்டும் என்று கேட்கும் ரேடியாலஜிஸ்ட்டுகள் பக்கம்தான் நான்.

ஸ்கேனுக்குப் போகவிருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. உள்ளே படுத்த பிறகு ஒலிபெருக்கியில் 'மூச்சை வெளியே விடுங்க, அப்படியே பிடிங்க' என்று குரல் வரும். பல இடங்களில் மூச்சை விட்ட நிலையில் பிடிக்கச் சொல்வார்கள், ஏனென்றால் அப்போதுதான் கல்லீரல் ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ ஒரே இடத்துக்கு வந்து நிற்கும். முன்னதாக வீட்டில் நாலு தடவை பழகிப் பாருங்கள். ஆஸ்துமாவோ, வயிற்றில் நீர்க்கட்டோ, வயோதிகமோ காரணமாகப் பிடிக்க முடியாதென்றால் சங்கடப்படாமல் டெக்னீஷியனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மூச்சு விட்டுக்கொண்டே எடுக்கும் முறைகள் இப்போது இருக்கின்றன, கேட்டால்தான் போடுவார்கள்.

அடுத்த அத்தியாயத்தில் இதயம்.